கிண்ணத்தில் இல்லாத பெயர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1996 ஆம் ஆண்டு வலைப்பந்தாட்ட அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வலைப்பந்துக் கிண்ணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டார். நான் வைத்தியர். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் ஐந்து நோயாளர்களைப் பார்த்துவிடுவேன். ஆனால் ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியுமா என்று தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

அதிபர் அறையின் கண்ணாடி அலுமாரியில் மேல் தட்டில் இரண்டாவதாக இருப்பதுதான் அந்தக் கிண்ணம். ஒரு கைப்பிடி சற்று வளைந்திருக்கும். அதில் மூன்று விடயங்கள் பொறித்திருக்கின்றன: பாடசாலையின் பெயர், 17 வயதுக்குட்பட்ட பெண்கள் வலைப்பந்து, 1996. வேறொன்றும் இல்லை. களத்தில் நின்ற ஏழு பேர், கோட்டுக்கு வெளியே நின்ற மூன்று பேர், எங்களைப் பழக்கிய டீச்சர் ஆகிய பதினொரு பேரில் ஒருவர் பெயரும் அதில் கிடையாது. அந்தப் பெயர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இந்த விளையாட்டு நம் மலைக்கு வந்த கதை. 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் அடித்து ஒரு விளையாட்டைத் தொடங்கினார். அது கூடைப்பந்து. இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளில் அதை நீண்ட பாவாடையோடு விளையாடக்கூடியதாக மாற்றினார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது, ஆளோடு ஆள் மோதக்கூடாது, ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்குள் நிற்கவேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. அதுவே வலைப்பந்து ஆயிற்று. இலங்கையில் அதை முதலில் விளையாடியவர்கள் நமக்கு அயலவர்கள்: 1921 இல், கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையின் பெண் சாரணியர். 1960 இல் பல நாடுகளின் பிரதிநிதிகள் கொழும்பில் கூடித்தான் உலகம் முழுவதற்கும் ஒரே விதிகளை ஏற்படுத்தவும் சர்வதேச சம்மேளனம் அமைக்கவும் வழி செய்தார்கள். 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் இலங்கை அணியும் விளையாடியது.

இத்தனை பெருமையும் இருந்தும், நான் ஆறாம் ஆண்டில் சேர்ந்தபோது நம் பாடசாலையில் ஒரு வலைப்பந்துக் கம்பம்கூட இல்லை. கண்டியிலிருந்து வத்தேகமவுக்குப் பஸ்ஸில் வந்தாலும் மாத்தளை ரயிலில் வந்தாலும் பதின்மூன்று கிலோமீட்டர் அளவுதான். அந்தத் தூரத்தைக் கடக்க வலைப்பந்துக்கு எழுபது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

கடக்க வைத்தவர் டீச்சர். அவர் உடற்கல்வி ஆசிரியை அல்ல, சமூகக்கல்வி படிப்பித்தவர். பாடசாலை நாளில் கொஞ்சம் விளையாடியவர், அவ்வளவுதான். மைதானத்தின் ஓரத்தில் செம்மண் தரையைப் பெற்றோர் சிலர் சிரமதானமாகச் சமப்படுத்தித் தந்தார்கள். சுண்ணாம்பால் கோடு போட்டோம். மழை பெய்தால் மறுநாள் மீண்டும் போட்டோம். கம்பம் இரண்டும் தண்ணீர்க் குழாய். வளையத்தை வத்தேகம டவுனில் ஒரு வெல்டிங் கடைக்காரர் காசு வாங்காமல் செய்து தந்தார். வலை கிடையாது. வலை இல்லாத வலைப்பந்து என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

எங்கள் அணியினரின் பெயர்களை நான் இன்று சொல்லப்போவதில்லை. சிலரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன், சிலரை இன்னும் தேடிப்பிடிக்க முடியவில்லை. ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர் பெயரை விடுவது சரியில்லை. ஆனால் கஷ்டம் ஒன்றும் இல்லை. நாங்களே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நெஞ்சிலும் முதுகிலும் கட்டும் துணியில் இருக்கும் எழுத்துத்தான் பெயர். ஜி.எஸ்., ஜி.ஏ., டபிள்யூ.ஏ., சி., டபிள்யூ.டி., ஜி.டி., ஜி.கே. என்ற அந்த எழுத்துகளை டீச்சரே சிவப்புத் துணியில் வெட்டித் தைத்துத் தந்தார். நான் டபிள்யூ.டி., அதாவது ஓரத்தில் நின்று தடுப்பவள். யாரும் கவனிக்காத இடம். என் சுபாவத்துக்கு அது ஏற்றதாக இருந்தது.

ஏழு பேரில் மூன்று பேர் டவுன் பிள்ளைகள். மற்ற நால்வரும் பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஜி.எஸ். வீட்டில், அதாவது அவருடைய லயத்து வாசலில், ஒரு பலா மரம் இருந்தது. அவருடைய அப்பா ஒரு பழைய கொழுந்துக் கூடையின் அடியை வெட்டி எடுத்துவிட்டு அந்த மரத்தில் கட்டிக் கொடுத்தார். பந்து இல்லாத நாட்களில் பழைய துணியைச் சுருட்டிப் பந்தாக்கி எறிவாராம். பழக்கூடையில் தொடங்கிய விளையாட்டு கொழுந்துக் கூடைக்கு வந்தது எங்கள் ஜி.எஸ். ஆல்தான். நெய்ஸ்மித் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பயிற்சியைவிடப் பெரிய வேலை, பயிற்சிக்கு வர அனுமதி வாங்குவது. பாடசாலை விட்டு ஒன்றரை மணிநேரம் நின்றால் தோட்டத்துக்குப் போகும் பஸ் போய்விடும். அடுத்த பஸ் இருட்டோடுதான். அதுவும் இல்லாமல், எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெரிய பிள்ளை ஆகிறார்கள். சடங்கு முடிந்து திரும்பி வருபவள் பந்தைத் தொடமாட்டாள். கேட்டால், "வீட்டுல வேணாம்னுட்டாங்க" என்பாள். ஒரே வருடத்தில் எங்கள் அணியில் நான்கு பேர் இப்படி நின்றுபோனார்கள்.

டீச்சர் வீடு வீடாகப் போனார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஜி.டி.யின் லயத்துக்குப் போனார். அவருடைய அப்பா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பெஞ்சைத் துடைத்துப் போட்டார், பிளேன்டி வந்தது. பிறகு சொன்னார்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. வயசுக்கு வந்த புள்ள. அரப் பாவாட கட்டிக்கிட்டு நாலு பேர் முன்னால பந்து வெளையாடுனா லயத்துல என்ன பேசுவாங்க?" டீச்சர் வாதாடவில்லை. "அண்ணே, பாவாட முழங்காலுக்குக் கீழ இருக்கிற மாதிரி நானே தச்சுத் தாரேன். பஸ்ஸுல நானே கூட்டிட்டு வந்து விடுறேன். ஒங்களுக்குச் சரியில்லைன்னு பட்டா அன்னைக்கே நிப்பாட்டுங்க" என்றார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை என்று ஜி.டி. பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்.

எங்கள் விளையாட்டுப் பாவாடை மற்றப் பாடசாலைகளின் பாவாடைகளைவிட நான்கு அங்குலம் நீளமாக இருந்த காரணம் இதுதான். போட்டிகளில் சிரித்தார்கள். நாங்கள் விளையாடினோம்.

அடுத்த தடை ஜி.கே.யின் பிறப்புச் சான்றிதழ். வயதுப் பிரிவுப் போட்டி என்றால் விண்ணப்பப் படிவத்தோடு பிறப்புச் சான்றிதழ் வைக்கவேண்டும். ஜி.கே.யிடம் அது இல்லை. தோட்டத்தில் பிறந்தவர், பதிவு எங்கோ ஒரு மேசையில் நின்றுபோயிருந்தது. அதுவரை யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. அணியில் மேலதிகமாக ஓர் உயரமான பிள்ளை இருந்தாள், அவளைப் போட்டிருக்கலாம். டீச்சர் அப்படிச் செய்யவில்லை. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தார். பாடசாலை இடாப்பின் பிரதி, பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் கடிதம், வயது முதிர்ந்தவர்களின் சத்தியக் கடதாசி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஜி.கே.யின் அம்மா நான்கு தடவை வேலைக்குப் போகாமல் டீச்சரோடு அலைந்தார். நான்கு நாள் பேர் போயிற்று. தோட்டத்துக் குடும்பத்தில் நான்கு பேர் போவது என்றால் என்ன என்று இங்கே இருக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. படிவம் அனுப்பக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு சான்றிதழ் கிடைத்தது.

இறுதிப் போட்டி நாள் காலையில் மழை. எதிரணி எங்களைவிட இரண்டு மடங்கு மாணவியர் உள்ள பாடசாலை. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சப்பாத்து. எங்களில் இருவர் வெறுங்காலோடு, மற்றவர்கள் பாட்டா கன்வஸ் சப்பாத்தோடு. ஈரத் தரையில் வெறுங்கால்தான் வழுக்காமல் நின்றது என்பதையும் சொல்லவேண்டும். நடுவர் அம்மணி சிங்களத்தில் பேசினார், ஆனால் விதிகளுக்கு மொழி கிடையாது. ஸ்டெப்பிங், கன்டாக்ட், ஒப்ஸ்ட்ரக்ஷன் என்ற மூன்று சொற்களும் எங்களுக்கு இங்கிலிஷ் பாடத்துக்கு முன்பே மனப்பாடம்.

முதல் பாதியில் மூன்று கோல் பின்னால் இருந்தோம். இடைவேளையில் டீச்சர் தோடம்பழம் வெட்டித் தந்தார், அறிவுரை எதுவும் தரவில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் பாதியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஆனது. கடைசி நிமிடத்தில் எதிரணியின் பந்து எங்கள் வட்டத்துக்குள் வந்தது. அவர்களுடைய ஜி.எஸ். எறிந்தார், வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே வந்தது. எங்கள் ஜி.கே. அதை ஒரு கையால் பறித்தார். அந்தப் பந்து எப்படிப் போனது என்பது எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஜி.கே. என்னிடம் தந்தார், நான் சி.யிடம், சி. ஓடிவந்த டபிள்யூ.ஏ.யிடம், அவர் வட்டத்தின் விளிம்பில் ஜி.ஏ.யிடம், ஜி.ஏ.யை இருவர் மறைக்க, அவர் தரையில் ஒரு தட்டுத் தட்டி ஜி.எஸ்.ஸிடம். ஜி.எஸ். நின்று, மூச்சு விட்டு, பலா மரத்துக் கூடைக்கு எறிவதுபோல் எறிந்தார். பந்து வளையத்துக்குள் விழுந்து தரையில் துள்ளி உருண்டபிறகுதான் விசில் ஊதியது. பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு.

கிண்ணத்தின் கைப்பிடி வளைந்தது அன்று பஸ்ஸில். யாருடைய கை என்று சொல்லமாட்டேன். வத்தேகம சந்தியில் இறங்கியபோது வெல்டிங் கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டு வெளியே வந்து நின்றார். அடுத்த மாதம் மாகாணப் போட்டியில் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்று வந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சடங்கு முடிந்தும் மைதானத்துக்கு வந்தார்கள்.

வலைப்பந்தில் கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு, ஜி.எஸ்.ஸுக்கும் ஜி.ஏ.வுக்கும். மற்ற ஐந்து பேரும் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் புள்ளித்தாளில் அவர்கள் எண்ணிக்கை பூச்சியம்தான். நம் நாட்டின் தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஆறடி பத்து அங்குல உயரம். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு முதலிடம் பெற்றவர். அவரைப் பார்த்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்த 348 தடவையும் பந்தை அவர் கைக்கு அனுப்பியவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை நான் விளையாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் சங்கத்தின் மலர்களை எடுத்துப் பாருங்கள். வைத்தியர், சட்டத்தரணி, அதிபர், வங்கி முகாமையாளர், வெளிநாட்டில் பொறியியலாளர் என்று படத்தோடு இருக்கிறோம். எல்லோரும் கோல் போட்டவர்கள். எங்கள் அணியில் உயர்தரம் படித்தது மூன்று பேர். மற்ற நால்வரில் ஒருவர் பத்தாம் வகுப்போடு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒருவர் ஆடைத் தொழிற்சாலைக்கு. ஜி.எஸ். குவைத்தில் பதினொரு வருடம் இருந்து, தம்பிமார் இருவரைப் படிக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ஜி.கே. இன்று தன் சொந்தத் தோட்டத்திலேயே பிள்ளை மடுவத்தைப் பொறுப்பாக நடத்துகிறார். இந்த நால்வரில் ஒருவர் பெயரும் நம் சங்கத்தின் முகவரிப் புத்தகத்தில் இல்லை.

போன மாதம் ஜி.கே.யைச் சந்திக்கப் போனேன். கிண்ணத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அந்தப் பிறப்புச் சான்றிதழ். "டாக்டரம்மா, கப்பு ஸ்கூலோடது. இது என்னோடது" என்றார். அதை வைத்துத்தான் பதினாறு வயதில் அடையாள அட்டை எடுத்தார். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று நம் வயதினருக்கு நினைவிருக்கும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கவேண்டியிருந்தது என்பதும் நினைவிருக்கும். அதே சான்றிதழை வைத்துத்தான் அவர் பரீட்சை எழுதினார், விவாகப் பதிவு செய்தார், வேலைக்கு விண்ணப்பித்தார். பதின்மூன்றாவது கோலை நான் மறந்தாலும் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. டீச்சரும் அவருடைய அம்மாவும் அலைந்த அந்த நான்கு நாட்கள் இல்லாதிருந்தால் குறைந்திருக்கும்.

வைத்தியராக ஒரு வார்த்தை. பெண்ணின் எலும்பு உறுதியாவது பெரும்பாலும் இருபது வயதுக்கு முன்பு. ஓடி, குதித்து, பாரத்தைத் தாங்கும்போதுதான் அது உறுதியாகிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணிநேரம் உடல் உழைக்க விளையாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாமோ சரியாக அந்த வயதில்தான் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கிறோம். முன்பு சடங்கைக் காரணம் காட்டினோம், இப்போது டியூஷனைக் காட்டுகிறோம். மாதவிடாய் நாளில் விளையாடினால் ஒரு கெடுதலும் இல்லை. வலி குறைவதும் உண்டு. விளையாடும்போது களைத்து மயங்கி விழும் பிள்ளைக்கு ஓய்வு மட்டும் போதாது, பரிசோதனையும் வேண்டும். இரத்தச்சோகை இருந்தால் மருந்து உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிப்பதை ஒரு மணிநேரம் தள்ளிப்போட்டாலே உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். தேயிலை நாட்டில் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும், சொல்லிவிட்டேன்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, அதிபர் அறைக்கு வெளியே ஒரு மரப்பலகை. 1996 அணி மட்டுமல்ல, இந்தப் பாடசாலைக்காக விளையாடிய எல்லா அணிகளின் பெயர்களும், களத்துக்கு வெளியே நின்றவர்களின் பெயர்களும் சேர்த்து, உரியவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். எங்கள் அணியின் பெயர்களைச் சேர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது, முகவரிப் புத்தகத்தைப் பழைய சேர்விடாப்பிலிருந்து மறுபடி தொடங்குவது. சாதாரண தரம் சித்தியடைந்தவர் மட்டுமல்ல, ஏழாம் வகுப்போடு நின்றவரும் பழைய மாணவிதான். இந்த மலரை வெளிநாட்டில் வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் எங்கே என்று ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுங்கள். மூன்றாவது, மாலைப் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேன் வாடகை. வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று பொருளாளரோடு கணக்குப் பார்த்தேன். இன்றைய விழாவுக்கு நாம் கட்டிய பந்தல் செலவைவிடக் குறைவு.

டீச்சர் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் இப்போதைய அணி முன்வரிசையில் இருக்கிறது. தங்கைகளே, உங்கள் பாவாடை எங்களுடையதைவிட நான்கு அங்குலம் குட்டை என்பதைக் கவனித்தேன். அந்த நான்கு அங்குலத்துக்காக ஒருவர் மழையிலும் அட்டைக்கடியிலும் லயம் லயமாக நடந்தார் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் உங்களுக்கு வலய மட்டப் போட்டி என்று கேள்விப்பட்டேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.